பெரியப்பாவின் நாடி

கல்லூரியில் அவளை எல்லாரும் ‘சீனியர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் படித்துக்கொண்டிருந்தது முதல் வருஷம். கூப்பிட்டவர்கள் படித்ததும் அதே முதல் வருஷம்தான். ஆனால் மற்றப் பெண்கள் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு வந்தவர்கள். இவள் நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள். காதோரம் நரைத்த ஒருத்தியை ‘ஏய், இங்க வாடி’ என்று கூப்பிட அவர்களுக்கு வாய் வரவில்லை. முதலில் ‘அக்கா’ என்று ஆரம்பித்தார்கள். அக்கா என்றால் வீட்டு ஞாபகம் வந்து அழுகை வருகிறது என்று விடுதியில் இருந்த ஒருத்தி சொன்னாள். அதனால் சீனியர் என்று ஆயிற்று.

நர்சிங் பட்டப்படிப்புக்கு வருவதற்கு முன்னால், கல்லூரியை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் பொது வார்டில் அவள் ஆயா. பத்து வருஷத்துக்கு மேல் அந்த வார்டில் துடைத்து, மாற்றி, தள்ளி, தூக்கியிருக்கிறாள். படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது ஆஸ்பத்திரி மேட்ரன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்தார். வாரநாளெல்லாம் கல்லூரி. சனி, ஞாயிறு வழக்கம்போல வார்டில் ஆயா வேலை. ஒரு நிபந்தனை: எந்த வருஷத்திலாவது இரண்டாவது வாய்ப்பிலும் தேறவில்லையென்றால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு முழுநேர ஆயாவாகத் திரும்பிவிட வேண்டும். நாலு வருஷத்தை ஐந்தாக்கி ஆறாக்கிக்கொண்டிருக்க ஆஸ்பத்திரிக்குப் பொறுமை கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாணவிகளை வார்டுப் பயிற்சிக்கு அனுப்பியபோது அவளுக்கு விழுந்ததும் அதே ஆண்கள் பொது வார்டுதான். வெள்ளிக்கிழமை நீலச் சீருடையில் மார்பில் கடிகாரம் குத்திக்கொண்டு போனால் நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்றார்கள். சனிக்கிழமை பழுப்புச் சீருடையில் போனால் அதே நோயாளிகள், ‘ஏம்மா, அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்து’ என்றார்கள். கால் முறிந்து படுத்திருந்த ஒருவர் அவளிடமே புகார் சொன்னார். “நேத்து உங்க தங்கச்சி வந்திருந்தாங்களே, நர்சா இருக்கறவங்க. எவ்வளவு தன்மையான பொண்ணு. நீங்களும் இருக்கீங்களே.”

“அவ படிச்சவ சார்” என்று சொல்லிவிட்டு வாளியை நகர்த்தினாள்.

எதற்காகப் படிக்கப் போனாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: “கால் வலிக்குது. நர்சுன்னா கொஞ்சம் உக்காரலாம்.” பத்து வருஷம் நர்சுகளோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவளுக்கு, அவர்கள் உட்கார்ந்து ஒருநாளும் தான் பார்த்ததில்லை என்பது ஏன் உறைக்கவில்லை என்பது தெரியாது. சேர்ந்த பிறகு உறைத்தது. அதற்குள் கால் வலியோடு கண் வலியும் சேர்ந்துகொண்டது.

ஏனென்றால் படிக்க வேண்டியது மலைபோல இருந்தது. அனாடமியில் மனிதனுடைய எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிசியாலஜியில் அந்த மனிதன் எப்படி ஓடுகிறான் என்று படிக்க வேண்டும். பயோகெமிஸ்ட்ரியில் அவன் மனிதனே இல்லை, வெறும் உப்பும் தண்ணீரும் என்று ஆகிவிடும். சத்துணவுப் பாடத்தில் சமச்சீரான சாப்பாட்டைத் தட்டு வரைந்து, வண்ணம் தீட்டிக் காட்டச் சொன்னார்கள். அவள் ஒரு கையில் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே மறு கையால் அதை வரைந்து முடித்தாள். சைக்காலஜியில் தூக்கம் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. அந்த அத்தியாயத்தை அவள் முழுதாகக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டாவது பத்தியில் தூங்கிப்போனாள். சோஷியாலஜி ஆசிரியை, குடும்பம் என்பது மனிதனுக்கு ஆதரவு தரும் முதல் அமைப்பு என்று சொன்னபோது மட்டும் விழித்துக்கொண்டு, அந்த அமைப்புக்கு ராத்திரி சோறு யார் வைப்பது என்று யோசித்தாள்.

இவையெல்லாம் போக, அடிப்படைச் செவிலியம் என்று ஒரு பாடம். படுக்கை விரிப்பது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, காய்ச்சல் பார்ப்பது, நாடி பார்ப்பது. இதில் கொடி நாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள், இதில்தான் குப்புற விழுந்தாள். படுக்கையை விரித்துவிட்டு நகர்ந்தால் போதாது. ஒவ்வொரு மடிப்புக்கும் காரணம் எழுத வேண்டும். இடப்பக்கம் ‘செய்முறை’, வலப்பக்கம் ‘காரணம்’. ஆயாவாக இருந்தபோது கண்ணை மூடித் திறப்பதற்குள் விரித்த படுக்கை, மாணவியானதும் இரண்டு பக்கம் நீண்டது.

அதையும் சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாதது பேச்சு.

செய்முறைத் தேர்வு ‘லேப்’ என்று பெயர்கொண்ட ஒரு நீள அறையில் நடக்கும். நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் ஆளுயரப் பொம்மை ஒன்று எந்நேரமும் படுத்திருக்கும். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் மாணவிகள் அதற்குப் ‘பெரியப்பா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். தன்னை யாரென்று சொல்ல வேண்டும். அவர் பெயரைக் கேட்க வேண்டும். இன்னது செய்யப்போகிறேன், செய்யலாமா என்று அனுமதி வாங்க வேண்டும். பிறகுதான் தொட வேண்டும். சொல்லாமல் செய்தால் செய்ததாகவே கணக்கில்லை.

முதல் முறை தேர்வில் அவள் வாயே திறக்கவில்லை. போனாள், கையைக் கழுவினாள், பெரியப்பாவை ஒரு பக்கமாகப் புரட்டி, விரிப்பை உருவி, புது விரிப்பைப் போட்டு, அவரை நேராக்கி, போர்த்திவிட்டு வந்துவிட்டாள். வேலையில் ஒரு சுருக்கம் இல்லை. பேச்சுக்குப் பூஜ்யம். மொத்தத்தில் தேறவில்லை.

“ஏன் பேசல நீங்க?” என்று லேப் மேடம் கேட்டார். லேப் மேடம் அவளைவிட இளையவர், கண்டிப்பானவர், ஆனாலும் அவளிடம் மட்டும் ‘நீங்க’ என்பார்.

“பழக்கமில்ல மேடம். வார்டுல சேந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க, ஆயா வேலையைப் பாக்கணும், நோயாளிகிட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு.”

“அது ஆயாவுக்கு.”

“ஆமா மேடம். பத்து வருஷம் அதான் இருந்தேன்.”

அதே தேர்வில் தேறாமல் போன இன்னொருத்தி ‘குருவி’. சின்ன உருவம், ஓயாத வாய். அவள் தேறாததற்குக் காரணம் நேர் எதிர். பெரியப்பாவிடம் அவருடைய பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், பசிக்கிறதா, சன்னலைத் திறக்கட்டுமா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே இருந்ததில் நேரம் முடிந்துவிட்டது. வேலை ஆரம்பமாகவே இல்லை.

“நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஒரு ஆளாப் பரீட்சை எழுத விட்டா முதல் மார்க்குதான் சீனியர்” என்றாள் குருவி.

இரண்டாவது வாய்ப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. குருவிக்கு அது இன்னொரு தேர்வு. சீனியருக்கு அதோடு கதை முடியும், அல்லது தொடரும்.

வீட்டில் பேசிப் பழகிப் பார்த்தாள். கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் தூங்குபவர். ஆகவே நோயாளி வேஷம் அவருடைய தங்கைக்கு வாய்த்தது. அந்த நாத்தனார் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். இவள் கல்லூரியிலிருந்து வந்து நிற்பதைப் பார்த்தாலே துணியை ஓரம் தள்ளிவிட்டுப் பாயில் சாய்ந்துகொள்வாள்.

“இன்னைக்கு எனக்கு என்ன வியாதி அண்ணி?”

“வியாதி ஒண்ணுமில்ல. நாடி மட்டும்தான். படு.” மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “வணக்கம்மா. நான் முதல் வருஷ நர்சிங் மாணவி. உங்க பேர் என்ன?”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லணும்டி.”

“தெரியாத பொம்பளைகிட்ட நான் ஏன் பேர் சொல்லணும்? வந்ததும் வராததுமா கையைப் புடிக்கறீங்க. யார் நீங்க?”

“அதைத்தானே இப்ப சொன்னேன்.”

“சரியாக் காதுல விழல. நீங்க தரையைப் பாத்து சொன்னா தரைக்குத்தான் கேக்கும்.”

உள்ளறையில் படுத்திருந்த கணவர் போர்வைக்குள்ளிருந்தே சொன்னார். “அவகிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கற? எங்கிட்ட வா. நான் பேசாம இருப்பேன்.”

“நீங்க பேசாம இருக்கறதுலதான் நான் பேச மறந்தேன்” என்றாள் அவள். அதற்குள் அவர் தூங்கிவிட்டிருந்தார்.

நாடியில் வேறொரு விஷயம் இருந்தது. பெரியப்பாவின் இடது கை ஊசி பழகும் கை. அதில் தொட்ட இடமெல்லாம் ஓட்டை. நாடிக்கு வலது கை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பந்தை ஒருத்தி அமுக்க அமுக்க, மணிக்கட்டுக்குள் ஓடும் குழாய் துடிக்கும். வாங்கிய புதிதில் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு துடிக்கும்படி அமுக்கிப் பழக்கியிருந்தார்கள். பிறகு எந்தக் காலத்திலோ குழாய் கிழிந்துவிட்டது. சரிசெய்யச் சொல்லிக் கேட்டு, சரி, பார்க்கலாம் என்று பதில் வந்து, அந்தப் பதிலும் பழசாகிவிட்டது. ஆனால் பாடம் நிற்க முடியுமா? மாணவிகள் செத்த மணிக்கட்டில் மூன்று விரலை வைப்பார்கள், மார்பிலிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நியாயமான நேரம் காத்திருப்பார்கள், ‘எழுபத்திரண்டு மேடம்’ என்பார்கள். லேப் மேடம் டிக் போடுவார். ஏமாற்று என்று யாரும் அதை நினைக்கவில்லை. வணக்கம் சொன்னால் பெரியப்பா திருப்பிச் சொன்னதாக வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அதுபோல இது. அந்த வகுப்பில் விரலுக்கும் நாக்குக்கும் நடுவில் புதிதாக ஒரு நரம்பு வளர்ந்திருந்தது. விரல் மணிக்கட்டில் பட்டதும் நாக்கு எழுபத்திரண்டு என்றது.

அந்த நரம்பு அவளுக்கும் வளர்ந்துவிட்டது என்பது ஒரு திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆயா வராததால் அவள் பங்கையும் சேர்த்துப் பார்த்திருந்தாள். திங்கள் காலையில் நீலச் சீருடையில் வார்டுக்கு வந்தபோது தோள் இரண்டும் யாருடையவையோ போலத் தொங்கின. காய்ச்சலும் நாடியும் பார்த்துக்கொண்டே படுக்கை படுக்கையாகப் போனாள். சன்னலோரப் படுக்கையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். மூச்சிரைப்புக்காகச் சேர்த்திருந்தார்கள். அவருடைய மணிக்கட்டில் விரலை வைத்தாள். சன்னலுக்கு வெளியே யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தாள். அட்டையில் எழுதினாள். அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள்.

“நில்லும்மா” என்றார் தலைமை ஆசிரியர்.

நின்றாள்.

“என்ன எழுதின?”

“நாடி சார். எழுபத்திரண்டு.”

“நீ எண்ணலையே.”

அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

“பரீட்சை ஹால்ல நடந்தே காலம் கழிச்சவன் நான். கணக்குப் போட்டு எழுதற மூஞ்சி எது, சும்மா எழுதற மூஞ்சி எதுன்னு முதுகுப் பக்கத்துலேருந்து பாத்தே சொல்லுவேன். நீ முன்னாடி வேற நிக்கற.”

வார்டு சிஸ்டர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். அந்த வார்டை வருஷக்கணக்காக ஆள்பவர். அவளுக்கு ஆயா வேலையைச் சொல்லிக்கொடுத்தவரும், பேசாதே என்று சொன்னவரும் அவர்தான். ஒன்றும் கேட்காமல் தலைமை ஆசிரியரின் கையை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிஷம் முழுதாக நின்றார். அந்த நிமிஷம் வார்டு முழுக்க நின்றது.

“நூத்திப் பத்தைத் தாண்டுது. அதுவும் ஒழுங்கா இல்ல, விட்டுவிட்டு அடிக்குது” என்றார். “நீ எண்ணும்போது எப்படி இருந்துச்சு?”

தப்பிக்க வழி இருந்தது. நாடி என்பது அடித்துக்கொண்டேயிருப்பது. அப்போது அப்படி, இப்போது இப்படி என்று சொல்லிவிடலாம். அதை மறுக்கத் தலைமை ஆசிரியரைத் தவிர யாரும் இல்லை, அவரும் நோயாளி.

“எண்ணல சிஸ்டர்.”

“பின்ன எழுபத்திரண்டு எங்கேருந்து வந்துச்சு?”

“லேப்லேருந்து.”

சிஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் படித்தவர்தான், அவர் காலத்திலும் ஏதோ ஒரு பெரியப்பா படுத்திருந்திருப்பார். டாக்டரைக் கூப்பிட்டார். தலைமை ஆசிரியரை மேசைக்குப் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றி மார்பில் வயர்களை ஒட்டினார்கள், மருந்தை மாற்றினார்கள், மத்தியானத்துக்குள் அவர் நாடி ஒரு ஒழுங்குக்கு வந்து, அவர் சாப்பாட்டைக் குறை சொல்லும் நிலைக்கும் வந்துவிட்டார்.

பிறகுதான் சிஸ்டர் அவளை மருந்து அலமாரிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“ஆயாவா இருந்தப்ப ஒரு ஆள் மூஞ்சி கொஞ்சம் வெளுத்தாலும் ஓடி வந்து எங்கிட்ட சொல்லுவ. நாடி பாக்கத் தெரியாது. ஆனா வந்து சொல்லுவ. படிக்கப் போன, இப்ப நாடி பாக்கத் தெரியுது. ஆளைப் பாக்கத் தெரியல.”

“ஆமா சிஸ்டர்.”

“ஆமா போடாத. காலேஜுக்கு நான் சொல்லியாகணும். சொல்லுவேன். ஆனா உன் வார்டுப் பயிற்சியை வேண்டாம்னு அனுப்பப் போறதில்ல. பரீட்சை வரைக்கும் இந்த வார்டுல தினம் காலையில எல்லாருக்கும் நீதான் நாடி பாக்கணும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிமிஷம் முழுசா. கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கற ஜோலி வேண்டாம்.”

“சிஸ்டர், எல்லாருக்கும்னா காலைச் சாப்பாடு வந்துடும்.”

“வரட்டும். ஆறும். ஏன் ஆறிச்சுன்னு அவங்க கேப்பாங்க. நீ பதில் சொல்லு.”

தண்டனை என்று பார்த்தால் சின்னதுதான். ஆனால் ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று, அடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் தெரியும். பேசிப் பழகாதவளுக்கு அது இன்னும் நீளம். கையைப் பிடித்ததும் நோயாளிகள் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் மருமகனைப் பற்றிச் சொன்னார். ஒருவர் கழிவறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னார். எண்ணிக்கை நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது கால் முறிந்தவர், “நீங்களும் உங்க அக்காவும் ஒண்ணாவா இருக்கீங்க, இல்ல தனித்தனியாவா?” என்று கேட்டார். நாற்பது பறந்துபோயிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தாள். காலைச் சாப்பாடு ஆறியது. எல்லாரும் கேட்டார்கள்.

வேறு வழியில்லாமல்தான் அவள் வாய் திறந்தாள். முதலிலேயே சொல்லிவிட வேண்டியதாயிற்று: “சார், உங்க நாடி எண்ணப் போறேன். ஒரு நிமிஷம் பேசாம இருங்க. முடிச்சதும் மருமகனைப் பத்திக் கேக்கறேன்.” முடித்ததும் கேட்க வேண்டியும் ஆயிற்று, கேட்காமல் நகர்ந்தால் மறுநாள் கை கொடுக்க மாட்டேன் என்றார்கள். கால் முறிந்தவரிடம், அக்காவும் தங்கையும் ஒரே ஆள்தான் என்று ஒருநாள் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப நான் அன்னைக்குச் சொன்னதை உங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

தலைமை ஆசிரியர் மட்டும் எண்ணும்போது பேச மாட்டார். அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். முடித்ததும், “இன்னைக்கு எண்ணின” என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

தேர்வு வெள்ளிக்கிழமை வந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் ஜலதோஷத்தில் இருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்ற முகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் லேப் மேடம் நின்றார். தேறாதவர்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ப் பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்லி, எழுபத்திரண்டு சொல்லி, வெளியே வந்தார்கள். குருவி இந்த முறை வாயை இறுக்கி மூடி வைத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் பேசிவிட்டு, மூச்சுத் திணறலோடு வந்தாள்.

“ஒண்ணும் பயமில்ல சீனியர். வணக்கம், பேரு, எழுபத்திரண்டு, நன்றி. முடிஞ்சுது.”

அவள் உள்ளே போனாள். கையைக் கழுவினாள். பெரியப்பாவின் தலைமாட்டில் நின்றாள்.

“வணக்கம் ஐயா. நான் முதல் வருஷ நர்சிங் மாணவி. உங்க பேர் என்ன? உங்க நாடி பாக்கணும். ஒரு நிமிஷம் ஆகும். பாக்கலாமா?”

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். வார்டில் காத்திருந்து பழகியதால் வந்தது. தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து பெரியப்பாவின் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

மூன்று விரலை வலது மணிக்கட்டில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் ஒருத்தி ரப்பர் பந்தை அமுக்குகிற புஸ் புஸ் சத்தம் கேட்டது. விரலுக்கடியில் ஒன்றும் இல்லை. முள் கால் வட்டம் போயிற்று, அரை வட்டம் போயிற்று. எழுபத்திரண்டு நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னால் மார்க். மார்க் வந்தால் இரண்டாம் வருஷம். சொல்லாவிட்டால் நாளைக்குப் போடப்போகும் பழுப்புச் சீருடையே இனி எல்லா நாளைக்கும். ஒரு சொல்தான். முள் முழு வட்டம் வந்து நின்றது.

“எவ்வளவு?” என்றார் தேர்வாளர்.

“கிடைக்கல மேடம்.”

தேர்வாளரின் நாற்காலிக்குப் பின்னால் லேப் மேடம் லேசாக இருமினார். பிறகு இடுப்புக்குக் கீழே ஒரு கையில் ஐந்தும் மறு கையில் இரண்டுமாக ஏழு விரலை விரித்துக் காட்டினார். பிறகு அதில் இரண்டை மட்டும். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அந்த வருஷம் முழுவதிலும் லேப் மேடம் ஒரு மாணவிக்குக் காட்டிய மிகப் பெரிய கருணை அதுதான்.

“இன்னொரு தடவை பாக்கறேன் மேடம்” என்றாள்.

இன்னொரு நிமிஷம். எண்ணத் தயாராக உதடு அசைந்தது. எண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “ஐயா, மணிக்கட்டுல கிடைக்கல. பயப்படாதீங்க. கழுத்துல பாக்கறேன்.” பார்த்தாள். “அங்கயும் கிடைக்கல. சிஸ்டரைக் கூப்பிடறேன். நான் இங்கயேதான் இருப்பேன்.” பிறகு தேர்வாளரிடம் திரும்பி, “மூச்சையும் பாப்பேன் மேடம். அதுவும் இல்லைன்னா ஆள் கூப்பிட்டுட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிப்பேன்” என்றாள்.

தேர்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நாடி இல்லாத மனுஷனுக்குப் பயம் எங்கேருந்தும்மா வரும்?”

அவள் யோசித்தாள். “அவருக்கு வராது மேடம். பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டுட்டு இருப்பாரு.”

தேர்வாளர் எழுந்து வந்து தானே பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். குனிந்து, ரப்பர் பந்தை அமுக்கும் பெண்ணைப் பார்த்தார். அவள் இன்னும் வேகமாக அமுக்கினாள். நிமிர்ந்து லேப் மேடத்தைப் பார்த்தார். லேப் மேடம் தன் செருப்பைப் பார்த்தார்.

“காலையிலேருந்து எல்லாப் பொண்ணும் எழுபத்திரண்டு எழுபத்திரண்டுன்னு சொல்லுச்சு. நானும் போட்டுக்கிட்டே வந்தேன். எனக்கு மூக்குதான் அடைச்சிருக்கு, மூளையுமான்னு தெரியல.”

“ரிப்பேருக்குச் சொல்லியிருக்கு மேடம்” என்றார் லேப் மேடம்.

“எங்க காலேஜுலயும் சொல்லித்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் உட்கார்ந்தார். பேனாவைக் கையில் எடுத்தார். “இங்க பாரும்மா. விடைன்னு எங்கிட்ட கொடுத்ததுல எழுபத்திரண்டுன்னு இருக்கு. நீ அதைச் சொல்லல. இல்லாததுக்கு மார்க் போட எனக்கு இடமில்ல. இருக்கறதாச் சொன்னவங்களுக்குப் போட்டாச்சு, அதை இனிமே புடுங்க முடியாது. புரியுதா?”

“புரியுது மேடம்.”

“பேச்சுக்கு முழுசாப் போடறேன். இன்னைக்குப் பேசினது நீ ஒருத்திதான். மத்தவங்க ஒப்பிச்சாங்க.”

நாடியில் பூஜ்யம், பேச்சில் முழு மார்க். அவள் முதல் முறை வாங்கியது அப்படியே தலைகீழாக நின்றது. அதன் பிறகு செய்துகாட்டிய படுக்கை விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது முதலான மீதி வேலைகளில் அவள் கை சுத்தம். அதெல்லாம் சேர்ந்து, கூட்டிப் பார்த்தபோது, நூலிழையில் கரையேறியிருந்தாள். லேப் மேடம் வாசல்வரை கூடவே வந்து அதைக் காதோடு சொன்னார். பிறகு, “நான் காட்டினது தெரியலையா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“தெரிஞ்சுது மேடம்.”

“பின்ன?”

“எண்ணிட்டேன் மேடம். எண்ணினதுக்கப்புறம் சொல்ல வரல.”

வெளியே குருவி காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “பெரியப்பா செத்துட்டார்னா சொன்னீங்க? இத்தனை நாள் உசுரோட வச்சிருந்தோமே சீனியர்.”

அவளுக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. அதற்கும் தெம்பு வேண்டும்.

சாயங்காலம் கணவர் ஓட்டும் பேருந்திலேயே ஏறினாள். ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கை காலியாக இருந்தது. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“என்ன ஆச்சு?”

“பாஸ்.”

“நாடி?”

“அதுல முட்டை.”

“அப்புறம் எப்படிப் பாஸு?”

“பேசினேன்.”

அவர் ஒரு சிக்னலில் நிறுத்தி அதைப் பற்றி யோசித்தார். “எங்கிட்ட பேசாம இருந்துட்டு பொம்மைகிட்ட போய்ப் பேசியிருக்க” என்றார். கண்ணாடியில் பார்த்தார். தலை சன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

இரண்டாம் வருஷத்தில் மைக்ரோபயாலஜி வரும், பார்மகாலஜி வரும். அதற்குப் பிறகு குழந்தைகள், பிரசவம், மனநோய், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை, ஆராய்ச்சி, புள்ளிவிவரம். எல்லாவற்றையும் கடந்து போனால் கடைசியில் நிர்வாகம் என்று ஒரு பாடம்; ஆயாக்களை எப்படி வேலை வாங்குவது என்று அதில் சொல்லிக்கொடுப்பார்கள். இவற்றில் எதுவும் அந்த நேரத்தில் அவள் முகத்தில் இல்லை.

அவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“அண்ணே, உங்க வீட்டுக்காரங்க ஸ்டாப்பு.”

“தெரியும்.”

“எழுப்பட்டா?”

“வேண்டாம். திரும்பி இந்த வழியாத்தானே வரப்போறோம். போகட்டும்.”

பேருந்து போயிற்று. டிப்போவில் இன்ஜினை நிறுத்தியதும், அந்த அமைதியில் அவளுக்கு விழிப்பு வந்தது. வெளியே வரிசையாகக் காலிப் பேருந்துகள் நின்றன.

“எங்க இருக்கோம்?”

“கடைசி வந்தாச்சு.”

“எப்படி?” என்றாள் தூக்கம் கலையாமல். “இன்னும் மூணு வருஷம் இருக்கே.”

கணவர் கண்டக்டரைப் பார்த்து, டீ வாங்கி வரும்படி இரண்டு விரலைக் காட்டினார்.